மோதிரக் கை தோளில் விழுந்தால்

"பொழுது சாயறதுக்குள்ள என் வீட்டுக்காரரைக் கொன்னுடுவாங்கம்மா" என்றாள் அந்தப் பெண்.

டீ சொல்லட்டுமா என்று கேட்க வாயெடுத்தவன் அப்படியே மூடிக்கொண்டேன். எங்கள் அலுவலகத்துக்கு வருகிறவர்கள் வழக்கமாகக் காணாமல் போன நாயைப் பற்றித்தான் பேசுவார்கள்.

"உட்காரும்மா. யாரு கொல்லப் போறது?" என்றார் அண்ணி.

அண்ணி என்றால் நிஜமாகவே அண்ணி. செத்துப்போன என் அண்ணனின் மனைவி. இன்சூரன்ஸ் கம்பெனியில் பொய் சொல்லிப் பணம் கேட்கிறவர்களைப் பிடித்துப் பிடித்தே முடி நரைத்தவர். ஓய்வு பெற்ற பிறகு மனுஷி சும்மா இருந்திருக்கலாம். துப்பறியும் நிலையம் என்று பலகை மாட்டி, வேலையில்லாமல் இருந்த என்னை உதவியாளராகச் சேர்த்துக்கொண்டார். இப்போதும் நான் வேலையில்லாமல்தான் இருக்கிறேன் என்பது என் மனைவியின் கட்சி.

வந்தவளின் கணவன் ஒரு டிரைவர். பழைய ஃப்ரிட்ஜ் பழுதுபார்க்கும் கடை ஒன்றில் வேன் ஓட்டுகிறான். அந்தக் கடை ஃப்ரிட்ஜுக்குள் கள்ள சிகரெட்டைத் தவிர வேறு எதுவும் வைப்பதில்லை என்பது ஊருக்கே தெரியும். முதலாளியை எல்லாரும் 'அண்ணன்' என்பார்கள்.

"முந்தாநாள் வேனைப் போலீஸ் பிடிச்சிடுச்சு. அவரு அப்பத்தான் ஒண்ணுக்கு இறங்கியிருக்காரு. சரக்கு மாட்டிச்சு, இவரு மாட்டலை. அதனால இவருதான் போலீசோட இன்ஃபார்மர்னு முடிவு கட்டிட்டாங்க."

"ஒண்ணுக்குப் போனா உயிர் போகும்னு நான் கேள்விப்பட்டதே இல்லை" என்றேன்.

"தம்பி, நீங்க கொஞ்சம் ஜன்னல் பக்கம் வேடிக்கை பாருங்க" என்றார் அண்ணி. எனக்கு இத்தனை வயதாகியும் அவருக்கு நான் தம்பிதான். 'நீங்க' போட்டுத்தான் திட்டுவார். "உன் வீட்டுக்காரரு நிஜமாவே இன்ஃபார்மர் இல்லையே?"

"சத்தியமா இல்லம்மா. ஒரு சின்னப் பொய் சொன்னாக்கூட அவருக்கு விக்கல் வந்துடும். அவரு பண்ணது ஒண்ணே ஒண்ணுதான். வேலையை விட்டுடறேன்னு போன மாசம் அண்ணன்கிட்ட நேர்ல போய்ச் சொன்னாரு."

"அண்ணன் கோவிச்சுக்கிட்டாரா?"

"ஐயோ, இல்லைங்க! தோள்ல கை போட்டு, சிரிச்சு, போட்டோகூட எடுத்துக்கிட்டாரு. இத்தனை வருஷத்துல ஒருநாளும் எடுத்ததில்லை."

அண்ணியின் பேனா நின்றது. அந்த அம்மாள் எழுதும்போது பேனா நின்றால் யாருக்கோ கெட்ட நேரம் என்று அர்த்தம்.

காலையில் இவள் போய் அண்ணன் காலைப் பிடித்து அழுதிருக்கிறாள். துப்பறிகிறவர் ஒருவரைக் கூட்டிவருகிறேன், அவர் வாயால் என் புருஷன்தான் என்று சொன்னால் உங்கள் இஷ்டம் என்றிருக்கிறாள். அண்ணன் சரி என்று சொல்லி, பொழுது சாயும்வரை அவகாசமும் கொடுத்துவிட்டாராம். நியாயஸ்தர்! கழுத்தை அறுப்பதற்கு முன் கருத்துக் கேட்கிற ரவுடியை இப்போதெல்லாம் எங்கே பார்க்க முடிகிறது?

கடைக்குள் ஃப்ரிட்ஜ்கள் ஆள் உயரத்துக்கு வரிசையாக நின்றன. ஒன்றுகூட ஓடவில்லை. வாசலில் ஒரு தண்ணீர் டிரம். அதிலிருந்த தண்ணீரும் வெந்நீர் மாதிரி இருந்தது.

எங்களை வரவேற்றவன் மச்சான். அண்ணனுடைய மனைவியின் தம்பி என்பதால் கடையில் எல்லாருக்குமே அவன் மச்சான்தான். சட்டையில் மேல் பொத்தான்கள் போடும் வழக்கம் இல்லாதவன். கையில் ஒரு புத்தம் புது போன். பேசும்போதெல்லாம் அதைச் சட்டையில் துடைத்துக்கொண்டான்.

"காட்டிக் குடுக்கறவனைக் கண்டாலே எனக்கு ஆகாது! தின்ன சோத்துக்குத் துரோகம் பண்றவன் மனுஷனா? என் கையில விட்டா நாக்கை அறுத்து அவன் கையிலயே குடுப்பேன்!"

"அப்புறம் அவர் எப்படி உண்மையைச் சொல்லுவாரு?" என்றேன்.

"எழுதிக் காட்டட்டும்!"

டிரைவர் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்திருந்தான். கன்னம் வீங்கியிருந்தது. மச்சானின் கைங்கரியம். மனைவியைப் பார்த்ததும் வீங்காத பக்கம் தெரிகிற மாதிரி முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

உள்ளறையிலிருந்து அண்ணன் வந்தார். தொப்பை, வெள்ளைச் சட்டை, குழைந்த குரல். விரலில் கோலிக்குண்டு அளவுக்கு ஒரு பச்சைக் கல் மோதிரம். வந்ததும் என் தோளில் கை போட்டார்.

"தம்பி சாப்பிட்டாச்சா?"

இவ்வளவு பாசமாக என்னை என் வீட்டில்கூட யாரும் கேட்டதில்லை. கொஞ்சம் உருகித்தான் போனேன்.

அண்ணி உருகவில்லை. அவர் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். அங்கே வரிசையாகப் படங்கள் மாட்டியிருந்தன. அது அண்ணன் வைத்த வழக்கமாம். கடை ஆள் ஒருவன் ஜெயிலுக்குப் போனால் அவன் படம் சுவருக்குப் போகும். தங்கப் பூச்சு பிரேம், கீழே சின்னதாக ஒரு சிவப்பு பல்பு. குடும்பத்தார் வந்து பார்த்து அழுதுவிட்டு, இப்படி ஒரு முதலாளி கிடைப்பாரா என்று அண்ணனைக் கும்பிட்டுவிட்டுப் போவார்களாம். பெரிய கம்பெனிகளில் சிறந்த ஊழியர் என்று மாட்டுகிறார்களே, அதேதான்.

அண்ணி மூக்குக்கண்ணாடியை ஏற்றிக்கொண்டு ஒவ்வொரு படமாக முகத்தை ஒட்டவைத்துப் பார்த்தார்.

"எல்லார் தோள்லயும் ஒரு கை இருக்கே?"

நானும் பார்த்தேன். ஆமாம். பக்கத்தில் நின்றவரை வெட்டிவிட்டு ஒருவரை மட்டும் பிரேம் போட்டிருந்தார்கள். வெட்டியதில் மிச்சமான கை மட்டும் தோளில் கிடந்தது. ஒவ்வொரு கையிலும் பச்சைக் கல் மோதிரம்.

"மாமா கை!" என்றான் மச்சான் பெருமையாக. "எங்க மாமாவுக்கு ஆளுங்கன்னா உயிரு."

"ஜெயிலுக்குப் போய் எத்தனை நாள் கழிச்சு மாட்டுவீங்க?"

"எத்தனை நாளா? ராத்திரி பிடிச்சா காலையில சுவத்துல இருப்பான். மாமா அதுல டாண்ணு இருப்பாரு. ரெண்டு தெரு தள்ளி இருக்கிற பிரேம் கடையில போடறது."

அண்ணி டிரைவர் பக்கம் திரும்பினார். "வேலையை விடறேன்னு உங்களுக்கு முன்னாடி யாராவது சொல்லியிருக்காங்களா?"

"நிறைய பேர் சொல்லியிருக்காங்கம்மா."

"அவங்கள்லாம் இப்ப எங்க?"

டிரைவர் மோவாயால் சுவரைக் காட்டினான்.

"ஏய், கேட்டதுக்கு மட்டும் பேசு!" என்று மச்சான் ஸ்டூலை உதைத்தான். கேட்டதற்குத்தான் பேசினான் என்பதை அந்த மண்டைக்கு யார் சொல்வது?

"ஒரு மணி நேரத்துல வந்துடறோம்" என்றார் அண்ணி. டிரைவரின் மனைவி ஸ்டூலுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். அவளை அங்கிருந்து கிளப்ப யாருக்கும் தைரியம் வரவில்லை.

பிரேம் கடைக்காரர் ஒரு முசுடு. காதில் பென்சில், வாயில் ஆணிகள். அண்ணி கைப்பையிலிருந்து என் அண்ணனின் படத்தை எடுத்து மேசையில் வைத்தார். அந்தப் படம் எப்போதும் பைக்குள் இருக்கும். பாசம் என்று நினைத்து ஏமாறாதீர்கள். இந்த மாதிரிப் பொய்களுக்கு உதவும் என்றுதான்.

"ஃப்ரிட்ஜ் கடையில மாட்டியிருக்கே, அதே மாதிரி பிரேம் வேணும். நாளைக்குக் காலையில."

கடைக்காரர் ஆணிகளைக் கையில் துப்பிவிட்டுச் சிரித்தார். "நாளைக்கா? மரம் அறுக்கணும், செதுக்கணும், மூணு தடவை பூச்சு அடிக்கணும். ஒவ்வொரு தடவையும் அது காயணும். ரெண்டு வாரத்துக்கு முன்னாடி பேச்சே கிடையாது."

"ரொம்ப அவசரம்."

"படத்துல இருக்கறவரு செத்துட்டாருல்ல? அவருக்கு என்ன அவசரம்?"

என் அண்ணனுக்காக நான் கொஞ்சம் கோபப்பட்டேன். அண்ணி படவில்லை.

"ஃப்ரிட்ஜ் கடை அண்ணனுக்கு மட்டும் ஒரே ராத்திரியில போட்டுத் தர்றீங்களாமே?"

மனிதருக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்துவிட்டது. "எவன் சொன்னது? ஈரப் பூச்சோட ஒரு பிரேம் இந்தக் கடைய விட்டுப் போயிருக்கா? அந்த அண்ணன் ரெண்டு வாரம் முன்னாடியே படத்தைக் குடுத்துடுவாரு! திட்டம் போட்டு வேலை செய்யற மனுஷன். உங்களை மாதிரி கடைசி நேரத்துல வந்து கழுத்தறுக்க மாட்டாரு."

நான் அண்ணியைப் பார்த்தேன். அண்ணி கண்ணாடியைக் கழற்றி நிதானமாகப் புடவையில் துடைத்தார். ஒருவன் எப்போது போலீசில் மாட்டுவான் என்று இரண்டு வாரம் முன்பே யாருக்குத் தெரியும்? பிடிக்கப் போகிற போலீசுக்குத் தெரியும். இல்லை, பிடித்துக்கொடுக்கப் போகிறவனுக்குத் தெரியும்.

"ரெடியா எதுவும் இல்லையா?"

"ஒண்ணு இருக்கு. அதுவும் அவரோடதுதான். போன மாசம் ஒரு ஆள் படம் குடுத்தாரு. நேத்து வந்து, அந்த ஆள் வேண்டாம், இவனைப் போடுன்னு வேற ஒண்ணு குடுத்தாரு. பிரேம் வீணாகக் கூடாதாம்."

எடுத்துக் காட்டினார். தங்கப் பூச்சுக்குள் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றவன் மச்சான். பொத்தான் போடாத சட்டை, கையில் புது போன், தோளில் பச்சைக் கல் மோதிரக் கை.

"அப்ப பழைய படம்?"

"பின்னாடியே கிடக்கு. எடுப்பானேன்? அட்டைக்கு அட்டை மிச்சம்" என்று பலகையைத் திறந்து காட்டினார். மச்சானின் முதுகுக்குப் பின்னால் டிரைவர் வெட்கத்தோடு சிரித்துக்கொண்டிருந்தான். அவன் தோளிலும் அதே கை.

கடைச் சுவரில் ஃப்ரிட்ஜ் கடையின் இலவசக் காலண்டர் தொங்கியது. அதில் அண்ணன் கை கூப்பிச் சிரித்தார். அண்ணி மேசையிலிருந்த கத்தரிக்கோலை எடுத்தார்.

"அண்ணனுக்கு ஒரு மரியாதை செய்யலாம்னு இருக்கோம். அவர் படத்தை முன்னாடி வெச்சு மூடுங்க. உள்ள இருக்கறது உள்ளயே இருக்கட்டும். நாங்களே கொண்டுபோய்க் குடுத்துடறோம்."

பேப்பரில் சுற்றிய பிரேமோடு தெருவில் நடந்தோம். சுமந்தது நான்தான் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

"அடப்பாவி! முதலாளியே இன்ஃபார்மர்" என்றேன். "வேலையை விடறேன்னு சொன்னவன், முறைச்சவன், தலை தூக்கினவன் எல்லாரையும் அவரே போலீசுக்கு எடுத்துக் குடுத்துட்டு, அவரே மாலையும் போட்டு அழறாரு. நல்ல ஆட்குறைப்பு அண்ணி! போலீசும் அதனாலதான் அவரை மட்டும் எப்பவும் சாட்சி இல்லைன்னு விட்டுடறாங்க."

"டிரைவரைத்தான் முதல்ல அனுப்பப் பார்த்தாரு. ஒண்ணுக்கு வந்து அவன் தப்பிச்சிட்டான். யாரோ ஒரு இன்ஃபார்மர் இருக்கான்னு ஆளுங்க கத்த ஆரம்பிச்சதும், பழியைத் தூக்கி அவன் மேலயே போட்டுட்டாரு. சும்மா கிடக்கிற பிரேமுக்கு மச்சான்."

"போய் எல்லார் முன்னாடியும் போட்டு உடைச்சிடுவோம்!"

அண்ணி நின்றார். "உடைச்சா? டிரைவருக்குப் பதிலா அவரைக் கொல்லுவானுங்க. ஒருத்தனைக் காப்பாத்தறேன்னு இன்னொருத்தனை எடுத்துக் குடுத்தா, எனக்கும் அந்த ஆளுக்கும் என்ன தம்பி வித்தியாசம்? எனக்கும் வயிறு எரியத்தான் செய்யுது. ஆனா நான் வந்த வேலை அந்தப் பொண்ணோட புருஷன் உசிரு."

நாங்கள் திரும்பியபோது சாயும் வெயில் ஃப்ரிட்ஜ்களின் தலைக்கு ஏறிவிட்டிருந்தது. ஆட்கள் எல்லாரும் சுற்றி நின்றார்கள். மச்சான் கையில் ஒரு இரும்புக் குழாய் வந்திருந்தது. டிரைவரின் மனைவி கணவனின் முழங்காலை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"சொல்லுங்கம்மா" என்றார் அண்ணன், துக்கம் விசாரிக்கும் குரலில். "என் புள்ள மாதிரி வளர்த்தேன். இவன்தானே?"

"கண்டுபிடிச்சிட்டேன். அதுக்கு முன்னாடி உங்களுக்கு ஒரு சின்ன அன்பளிப்பு."

பேப்பரை நான் பிரித்தேன். தங்க பிரேமுக்குள் அண்ணன் கை கூப்பிச் சிரித்தார். பின்னால் நின்ற ஒரு அப்பாவி கை தட்டியே விட்டான்.

அண்ணன் தட்டவில்லை. அந்த பிரேமை அவருக்கு அடையாளம் தெரிந்துவிட்டது.

"மாமா இன்னும் ஜெயிலுக்கே போகலையே?" என்றான் மச்சான், குழம்பி.

"போனாத்தான் மாட்டணுமா? எல்லாத்தையும் முன்கூட்டியே செய்யற மனுஷர் இல்லையா?" என்ற அண்ணி, படத்தைக் கொடுக்கிற சாக்கில் அவர் காதருகே குனிந்தார். பிரேமின் மறுமுனையைப் பிடித்திருந்ததால் எனக்கும் கேட்டது.

"உங்க படத்துக்குப் பின்னாடி உங்க மச்சான் இருக்காரு. அவருக்குப் பின்னாடி டிரைவர். கடைக்காரர் அட்டையை மிச்சம் பிடிச்சிருக்காரு. பலகையைத் திறந்து எல்லாருக்கும் காட்டட்டுமா, இல்லை இந்தப் புருஷன் பொண்டாட்டியை வீட்டுக்கு அனுப்பறீங்களா?"

அந்தக் குண்டு முகத்தில் இத்தனை வேர்வை எங்கே ஒளிந்திருந்ததோ! கழுத்து வழியாக வெள்ளைச் சட்டைக்குள் இறங்கியது. இரண்டு தடவை வாயைத் திறந்தார். மூன்றாவது தடவைதான் சத்தம் வந்தது.

"இவன்... இவன் இல்லடா."

"என்ன மாமா?"

"டிரைவர் இல்லைங்கறேன்! அவிழ்த்து விடுங்கடா!"

"கட்டவே இல்லையே மாமா."

"அப்ப போகச் சொல்லு!"

"பின்ன யாரு மாமா துப்புக் குடுத்தது?"

அண்ணன் பரிதாபமாக அண்ணியைப் பார்த்தார். பரீட்சையில் பக்கத்துப் பையன் விடைத்தாளைப் பார்க்கிற மாதிரி இருந்தது.

"போன்" என்றார் அண்ணி. "இங்கேருந்து போன் வழியாத்தான் எல்லாம் போயிருக்கு."

அதில் ஒரு சொட்டுக்கூடப் பொய் இல்லை. அண்ணன் பாய்ந்து பிடித்துக்கொண்டார். "கேட்டீங்களாடா? ஒட்டுக் கேட்டிருக்கானுங்க! எல்லா போனையும் தூக்கி அந்தத் தண்ணி டிரம்முல போடுங்கடா!"

ஒவ்வொன்றாக விழுந்தது. மச்சான் தன் புது போனைக் கடைசியாக ஒரு தடவை சட்டையில் துடைத்தான், முத்தம் கொடுத்தான், போட்டான். கண்ணில் நிஜக் கண்ணீர்.

"உங்களுது?" என்றார் அண்ணி.

எல்லாரும் அண்ணனைப் பார்த்தார்கள். எந்த போனில் எந்த அதிகாரியின் நம்பர் இருக்கும் என்று எங்கள் இருவருக்கும் அவருக்கும் மட்டும்தான் தெரியும். அவருடைய போனும் முழுகியது.

விடைபெறும்போது அண்ணன் சிரிக்கப் பார்த்தார். பழக்க தோஷத்தில் என் தோள் பக்கம் கை நீண்டது. "தம்பி, ஒரு போட்டோ எடுத்து..."

நான் வாசலைத் தாண்டிவிட்டிருந்தேன். அவ்வளவு வேகமாக நான் ஓடியதை என் மனைவி பார்த்திருந்தால் என்னைப் பற்றிய கருத்தை மாற்றிக்கொண்டிருப்பாள்.

பஸ் நிறுத்தத்தில் நாங்கள் நான்கு பேர். டிரைவர் அங்கிருந்த திண்ணையில் உட்கார்ந்தான். அவன் மனைவி முந்தானையைத் தண்ணீரில் நனைத்து அவன் கன்னத்தில் ஒற்றிக்கொண்டிருந்தாள். அக்கா வீடு வேறு ஊரில் இருக்கிறதாம், இன்றைக்கே கிளம்பிவிடப் போகிறார்களாம். அப்போதுதான் மச்சான் ஓடிவந்தான்.

இரும்புக் குழாய் இல்லை. சட்டைப் பொத்தான் எல்லாம் போட்டிருந்தான். எனக்கு அதுதான் பயமாக இருந்தது.

"மாமா படத்தை உடனே உள்ள பூட்டி வைன்னாரு. நான் மரியாதையா சுவத்துல மாட்டலாம்னு ஆணி அடிச்சேன். பின்பலகை கழண்டு விழுந்துடுச்சு." கையில் இரண்டு படங்களை நீட்டினான். "இது போன வாரம் எடுத்தது. ஆசையா தோள்ல கை போட்டாரு. நான் அக்காகிட்டகூடக் காட்டினேன், பாரு, மாமாவுக்கு என் மேல எவ்வளவு பிரியம்னு."

மரமண்டை என்று நினைத்திருந்தேன். கணக்குப் போட்டுவிட்டான். அண்ணி கைப்பையை இறுக்கிப் பிடித்தார். "அவசரப்பட்டு அவரை ஏதாவது பண்ணிடாதே."

"சேச்சே, எங்க அக்கா புருஷன்ங்க." அவன் இரண்டு பக்கமும் திரும்பிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினான். "போலீஸ்ல யார்கிட்டயாவது ரகசியமா பேசணும். என் போன் டிரம்முல போச்சு. உங்ககிட்ட நம்பர் ஏதாவது இருக்குமா?"

எனக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. "காட்டிக் குடுக்கறவனைக் கண்டாலே ஆகாதுன்னு கொஞ்சம் முன்னாடி யாரோ சொன்னாங்களே?"

"அது வேறங்க. இது குடும்ப விஷயம்."

"இங்க இருக்கிற ஆபீசர் உங்க மாமாவுக்கு ரொம்ப வேண்டியவரு" என்றார் அண்ணி. "அவர்கிட்ட போனா நீதான் முதல்ல சுவத்துல ஏறுவே. மேலிடத்துல வேற ஆளைப் பாரு."

மச்சான் தலையாட்டிக்கொண்டான். பிறகு டிரைவரைப் பார்த்தான். "உன்னை அடிச்சதை மனசுல வெச்சுக்காதே, என்ன?"

டிரைவர், "சேச்சே, அதெல்லாம் ஒண்ணும் இல்லை" என்றான். உடனே விக்கல் எடுத்தது.

அவன் மனைவி எழுந்து மச்சானிடம் போய், கணவனின் படத்தை அவன் கையிலிருந்து வாங்கினாள். கொஞ்ச நேரம் பார்த்தாள். தோளில் கிடந்த அந்த மோதிரக் கையை மட்டும் நகத்தால் மடித்து, ஓரமாகக் கிழித்து, மச்சானின் உள்ளங்கையில் வைத்து மூடினாள்.

"இது உங்க வீட்டுது" என்றாள்.

மிச்சப் படத்தை ரவிக்கைக்குள் செருகிக்கொண்டு புருஷனைப் பிடித்து பஸ்ஸில் ஏற்றினாள். பஸ் போன பிறகும் மச்சான் கையை மூடியபடியே அங்கே நின்றுகொண்டிருந்தான்.